வீட்டுக்குள் கொடுத்த வாக்கு

ஏப்ரல் 6

என்னங்க,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். நான் வீட்டை விட்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. ஒருவழியாகச் சமையலுக்கு ஆள் வைத்துவிட்டீர்கள் என்று என் தங்கை சொன்னாள்.

போன் செய்யாமல் ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீங்கள்தான் அதை முடித்து வைக்கிறீர்கள். காகிதத்தில் அது நடக்காது.

விஷயம் இதுதான். நான் சட்டம் படிக்கப் போகிறேன். மூன்று வருடப் படிப்பு. காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீடு கிடையாது என்று கடிதம் எழுதும் மேசையிலேயே எனக்கு இத்தனை காலம் போய்விட்டது. 'வருந்துகிறோம்' என்று தட்டும்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறவர்கள் பக்கம் நின்று ஒரு தடவையாவது பேச வேண்டும்.

மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் கண்ணாடிக் கட்டடப் பல்கலைக்கழகம் ஒன்று. அலுவலகம் முடிந்து போகிற மாதிரி மாலைநேரக் கல்லூரி ஒன்று. மூன்றாவது, நீங்கள் பாடம் நடத்தும் பழைய பல்கலைக்கழகம். எது தேவலை என்று நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன். அனுமதி கேட்கவில்லை, அபிப்பிராயம் கேட்கிறேன்.

என் பட்டச் சான்றிதழ் பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது. அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் கடை மாடியிலிருந்து,
உங்கள் மனைவி


ஏப்ரல் 11

அன்புள்ள மக்குக்கு,

(பழைய செல்லப் பெயர். அந்த உரிமை இன்னும் பாக்கி இருக்கிறது என்று நம்புகிறேன்.)

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்த சிரிப்பில் சில வரிகள் விட்டுப்போயின. நாற்பத்திரண்டு வயதில் சட்டம்! போன வருடம் தையல், அதற்கு முன்னால் நீச்சல். நீச்சலாவது மழைக்காலம் வரைக்கும் தாக்குப்பிடித்தது.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உன் கண்ணாடிக் கட்டடம் பல்கலைக்கழகம் இல்லை, விமான நிலையம். வாசலில் அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கும். அதற்குமேல் அங்கே யாருக்கும் எதுவும் திறந்ததாகத் தகவல் இல்லை. நூலகத்தில் புத்தகத்தைவிட சோபா அதிகம். அதன் முதல்வன் என் பழைய மாணவன்தான். ஒப்பந்தச் சட்டத்தைத் திரும்பத் திரும்ப எழுதி, கடைசியில் எங்களுக்கே அலுத்துப்போய்த் தேறவிட்டோம்.

மாலைநேரக் கல்லூரி என்பது மருந்துக் கடைக்கும் லாட்ஜுக்கும் நடுவில் இருக்கும் ஒரு மாடிப்படி. அங்கே எல்லாரும் தூங்கத்தான் வருகிறார்கள், பாடம் நடத்துகிறவர் உட்பட.

மிச்சம் எங்கள் இடம். இந்த ஊரில் சட்டம் என்று ஒன்றை உண்மையிலேயே சொல்லித்தருவது அங்கே மட்டும்தான். இதை நான் அங்கே சம்பளம் வாங்குவதால் சொல்லவில்லை. ஆனால் நுழைவுத் தேர்வு என்று ஒரு சின்ன விஷயம் உண்டு. தங்கப் பதக்கம் வாங்கிய பிள்ளைகளே மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வருகிற தேர்வு. உன் மனசைக் கஷ்டப்படுத்தச் சொல்லவில்லை.

ஆகவே என் அபிப்பிராயம்: வீட்டுக்குத் திரும்பி வா. படிக்க ஆசை என்றால் என் அலமாரியில் இல்லாத புத்தகமா?

சான்றிதழைத் தேடினேன். கண்ணில் படவில்லை.

அன்புடன்,
உன் கணவன்


மே 3

பேராசிரியர் அவர்களுக்கு,

'மக்கு' இனி வேண்டாம். அது செல்லப் பெயர் என்பதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சான்றிதழ் கிடைத்துவிட்டது. நீங்கள் வகுப்பில் இருந்த நேரத்தில் வீட்டுக்குப் போனேன். சமையல்காரர் கதவைத் திறந்தார். மேல் தட்டில், உங்கள் டைகளுக்கு மேலேயே இருந்தது. அது கண்ணில் படாமல் டையை எப்படி எடுத்தீர்களோ.

மூன்று இடத்துக்கும் நேரில் போனேன். கண்ணாடிக் கட்டடத்தில் கோட்டு போட்ட ஒரு தம்பி எனக்குக் காபி கொடுத்து, "உங்க கனவு என்ன மேடம்?" என்று கேட்டான். நான் கழிவறை எங்கே என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் வருவதற்குள் மூன்று விளம்பரப் புத்தகம் கையில் திணித்துவிட்டான். எல்லா அட்டையிலும் பிள்ளைகள் மரத்தடியில் சிரிக்கிறார்கள். அங்கே மரமே கிடையாது.

மாலைநேரக் கல்லூரியில் எழுத்தர் தலையைத் தூக்காமல், "யாருக்கு, பொண்ணுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். அப்போதுதான் தலையைத் தூக்கினார். பார்த்துவிட்டு, "பரவால்ல, லிஃப்ட் அடுத்த வருஷம் வந்துடும்" என்றார்.

ஆக, இரண்டைப் பற்றியும் நீங்கள் எழுதியது சரி. உங்கள் வார்த்தையை மதித்து மூன்றாவதற்கே விண்ணப்பித்தேன். தேர்வும் எழுதினேன். நானும் வெளியே வரும்போது மூக்கைச் சிந்தினேன், ஜலதோஷம். இடம் கிடைத்திருக்கிறது. பட்டியலை உங்கள் துறை வாசலில்தான் ஒட்டியிருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மே 9

அன்புள்ளவளுக்கு,

பட்டியலைப் பார்த்தேன். வாழ்த்துகள். இந்த வருடம் கேள்வித்தாள் சுலபம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

போன கடிதத்தில் அந்தப் புதுப் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. சோபாவில் உட்கார்ந்தும் சட்டம் படிக்கலாம். முதல்வன் என் அருமை மாணவன், விழுந்து விழுந்து படித்தவன். நான் ஒரு வார்த்தை சொன்னால் உன்னைத் தங்கத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வான். மாலைநேரக் கல்லூரியும் மோசமில்லை. உன்னைப்போல் வேலை பார்க்கிறவர்களுக்காகவே நடத்துகிறார்கள்.

எங்கள் இடத்தைப் பற்றி, உள்ளே இருப்பவன், உண்மையைச் சொல்கிறேன். பெருமையெல்லாம் கட்டடத்துக்குத்தான். பேராசிரியர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றதைத் தங்களிடமே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை. படிகள் செங்குத்து, உனக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் முரட்டுப் பிள்ளைகள், வயதானவர்களைக் கேலி பேசுவார்கள். தவிர, முதலாண்டு ஒப்பந்தச் சட்டம் நடத்துவது நான். உனக்குச் சங்கடமாக இருக்கும்.

யோசி.

அன்புடன்,
உன் கணவன்


ஜூன் 20

பேராசிரியர் அவர்களுக்கு,

சேர்ந்துவிட்டேன். ஏ பிரிவு. காப்பீட்டு வேலைக்கு ராஜினாமா கொடுத்தாயிற்று. மாலையில் ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரலில் ஊரிலேயே ஒன்றுதான் என்றிருந்த பல்கலைக்கழகம் மே மாதத்துக்குள் இவ்வளவு கெட்டுப்போகும் என்று நான் நினைக்கவில்லை. பார்த்து நடந்துகொள்கிறேன். முழங்காலுக்குத் தைலம் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் மனைவி என்று வகுப்பில் யாரிடமும் சொல்ல மாட்டேன். 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். சங்கடம் எனக்கில்லை.

இப்படிக்கு,
முதலாண்டு மாணவி


ஜூலை 1

அன்புள்ளவளுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். பி பிரிவுக்கு மாறிக்கொள். அலுவலகத்தில் சொல்லிவிட்டேன், நீ கையெழுத்துப் போட்டால் போதும். அங்கே ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறவர் சாது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்பில் ஆசிரியனுக்கு ஒரு சுதந்திரம் வேண்டும். பிள்ளைகள் தூங்காமல் இருக்க ஒரு வேடிக்கை, ஓர் உதாரணம், எதையாவது சொல்ல வேண்டியிருக்கும். வீட்டு ஆள் எதிரே உட்கார்ந்திருந்தால் அது வராது. இது உனக்குப் புரியும் என்று எதிர்பார்க்கிறேன்.

உன் கணவன்


ஆகஸ்ட் 14

சாருக்கு,

நேற்றைய வகுப்பைப் பற்றி நீங்கள் எழுதுவீர்கள் என்று பார்த்தேன். எழுத மாட்டீர்கள் போலிருக்கிறது. நான் எழுதுகிறேன்.

முதல் வாரமே என் பக்கத்தில் உட்காரும் பெண் சொல்லிவிட்டாள். "அக்கா, ஆகவே சார் க்ளாஸ்ல தூங்கிடாதீங்க. குடும்பத்துக்குள்ள குடுக்கற வாக்குறுதின்னு ஒரு பாடம் வரும். அதுல அவர் ஒய்ஃப் கதை ஒண்ணு சொல்வாராம். எங்க அண்ணன் படிச்சப்பவே ஃபேமஸ்." உங்களுக்கு 'ஆகவே சார்' என்று பெயர் வைத்திருப்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியும்.

நேற்று அந்தப் பாடம் வந்தது. கணவனும் மனைவியும் வீட்டுக்குள் கொடுத்துக்கொள்ளும் வாக்கு பொதுவாக ஒப்பந்தம் ஆகாது என்று சொல்லிவிட்டு, அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினீர்கள். பின்வரிசை விடவில்லை.

"சார், அந்த ஒய்ஃப் கதை!"

"இந்த வருஷம் நேரமில்ல."

"அப்போ நான் சொல்றேன் சார்" என்று எழுந்துவிட்டான் அந்த உயரமான மாணவன். அவனுக்கு நல்ல குரல். "ஒருத்தர் டாக்டரேட் பண்றார். ஒய்ஃப்கிட்ட, நீ என் ஆராய்ச்சி முழுக்க டைப் அடிச்சுக் குடு, முடிச்சதும் உன்னை லா படிக்க வைக்கறேன்னு சொல்றார். அந்தம்மா வேலை முடிஞ்சு வந்து தினமும் உக்காந்து அடிக்கறாங்க. இவர் டாக்டர் ஆயிடறார். அந்தம்மா விண்ணப்பத்தோட வந்து நிக்கறாங்க. சார் சொல்றார், 'வீட்டுக்குள்ள குடுத்த வாக்கு கோர்ட்டுல செல்லாதும்மா'. 'அப்போ நான் டைப் அடிச்சது?' 'அது அன்பு!'"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்துப் பெண் என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். நீங்கள் மட்டும் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கதையில் ஒரு திருத்தம். "அப்போ நான் டைப் அடிச்சது?" என்று நான் கேட்கவே இல்லை. விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டு உங்களுக்குக் காபி போட உள்ளே போனேன். எனக்காக நீங்களே கேட்டு, நீங்களே பதிலும் சொல்லி, வருடா வருடம் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழக்க தோஷத்தில் நீங்கள் கேட்டீர்கள்: "ஆகவே, இது ஒப்பந்தமா?" நான் கையைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, "மூணாவது வரிசை, சொல்லுங்க" என்றீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் எனக்குக் கொடுத்த முதல் 'ங்க'.

"ஒப்பந்தம் இல்ல சார். கோர்ட்டுக்குப் போனா அந்தம்மா தோத்துடுவாங்க" என்றேன். "அது தெரிஞ்சுதானே சார் அவர் வாக்குக் குடுத்தார்?"

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. நீங்கள் புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். எடுத்து அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாணவி


ஆகஸ்ட் 19

அன்புள்ளவளுக்கு,

புத்தகம் கிடைத்தது.

நீ நேற்று வந்த மாணவி. நான் இருபது வருடமாக அந்த மேடையில் நிற்பவன். உதாரணம் சொல்வது பாடம் நடத்தும் உத்தி. அதில் எந்த இடத்திலும் உன் பெயரை நான் சொன்னதில்லை. தவிர, கதையில் அந்தப் பெண்தான் பிள்ளைகளுக்குப் பிடித்த பாத்திரம். நீ இதைப் பெருமையாக எடுத்துக்கொண்டிருக்கலாம். எதையும் பெருந்தன்மையாகப் பார்க்கும் குணம் உனக்கு எப்போதும் கிடையாது.

இப்போது என்ன ஆயிற்று தெரியுமா? நீ யார் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் வராந்தாவில் நடந்தால் பேச்சு நிற்கிறது. நேற்றுத் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டு விஷயத்தை வீட்டோட வெச்சுக்கக் கூடாதா?" என்கிறார். ஒரு மண்டபம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு நீ என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாய்.

ஆனாலும் நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்று சொல்கிறேன். இந்த வகுப்பை விட்டுவிடு. வீட்டுக்கு வா. மாடியறையைக் காலி செய்து மேசை போட்டுவிட்டேன். ஒப்பந்தச் சட்டம் முழுவதையும் நானே தினமும் மாலையில் உட்கார்ந்து உனக்குச் சொல்லித்தருகிறேன். அடுத்த வருடம் எங்கே வேண்டுமானாலும் சேர்ந்துகொள், நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கிறேன்.

இது என் வாக்கு.

அன்புடன்,
உன் கணவன்


ஆகஸ்ட் 25

சாருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பக்கத்துப் பெண்ணிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "அக்கா, இவருக்கு நிஜமாவே புரியலையா?" என்றாள்.

நீங்கள் நினைப்பதைப்போல் எனக்கு வலித்தது அந்தக் கதை இல்லை. வீட்டில் விருந்தாளிகள் எதிரே அதைவிட மோசமாகவும் கேட்டிருக்கிறேன். வேறொன்று இருக்கிறது.

முதல் வரிசையில் ஒரு பையன் இருக்கிறான், திக்கித் திக்கிப் பேசுவான். ஜூலையில் ஒருநாள் ஒரே சந்தேகத்தை மூன்றாவது தடவையாகக் கேட்டான். பின்னால் சிரித்தார்கள். நீங்கள் மேடையை விட்டு இறங்கிப் போய் அவன் மேசைமேல் கையூன்றி நின்றீர்கள். "நல்ல கேள்வி. அவசரம் இல்ல, முழுசாச் சொல்லுங்க" என்றீர்கள். அவன் முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு அவனுக்குப் புரிகிற மாதிரி வேறு விதமாகச் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்குக் குறிப்பெழுத ஓடவில்லை.

இவர் அவசரக்காரர், அடுத்தவர் பேச்சைக் கேட்கும் பொறுமை பிறவியிலேயே கிடையாது, பாவம், என்ன செய்வார் என்று உங்களுக்காக நானே எனக்குள் பதினேழு வருடம் வாதாடிக்கொண்டிருந்தேன். வீட்டை விட்டு வந்த பிறகும் அந்த வாதத்தை விடவில்லை. உங்களுக்குப் பொறுமை இருந்திருக்கிறது. கேட்கவும் தெரிந்திருக்கிறது. வீட்டில் அதைச் செலவழிக்கிற அளவுக்கு அங்கே யாரும் இருப்பதாக நீங்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் மாடியறை எனக்கு வேண்டாம். மேசையை வேறு எதற்காவது உபயோகித்துக்கொள்ளுங்கள். இருவர் சம்மதத்தோடு பிரிவதற்கு நான் வேலை செய்யும் இடத்து வக்கீலம்மா மனு தயாரித்திருக்கிறார். இந்த வாரம் உங்களுக்கு வந்து சேரும். படித்துப் பார்க்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வகுப்பை மட்டும் விட மாட்டேன். ஒப்பந்தச் சட்டத்தை உங்களைப்போல் நடத்த இந்த ஊரில் ஆள் இல்லை. உங்கள்மேல் இருக்கும் கோபத்துக்காக நான் அதை இழப்பானேன்?

புதன்கிழமை நடத்திய நிர்ப்பந்தம் என்ற பாடம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நாளைக்குக் கை தூக்குவேன். மற்றவர்களுக்குச் சொல்வதைப்போல் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
முதலாண்டு, ஏ பிரிவு