சுஜிதாவின் பேனல்

புனே,
ஜூன் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போடுகிறாரா? நான் நலம். போனில் சொன்னால் மனசு சரியில்லை என்று என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் ஏசியைத் தானாக இயக்கும் கண்ட்ரோலர்களைப் பொருத்துகிறோம். அவற்றை வயரோடு அடுக்கி வைக்கும் இரும்புப் பெட்டிதான் பேனல், ஆளுக்கு ஒன்று. என்னோடு வேலை செய்யும் நாகர்கோவில் சுஜிதா எனக்கு இளையவள். ஆனாலும் வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட மேனேஜர் அவள் பேனலைத்தான் தேர்ந்தெடுத்தார். வயர்களை அவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாள்.

அன்று காலை அதில் ஒரு தப்பைப் பார்த்தேன். ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து கரண்ட் எடுக்கும் இரண்டு கண்ட்ரோலர்களில் ஒன்றுக்கு வயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருந்தாள். சுவிட்சைப் போட்டால் எரிந்துவிடும். பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போனேன், அம்மா. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டேன். திரும்பி வந்து, "ஏட்டி, சுவிட்சைப் போட்டுராத" என்றேன்.

வயரைச் சரிசெய்ததும் எல்லாம் ஓடியது. எல்லோரும் கைதட்டியபோது, நான்தான் தப்பைக் கண்டுபிடித்தேன் என்று அவளே மேனேஜரிடம் சொல்லிவிட்டாள்.

"எதுக்குட்டி சொன்ன?" என்று கேட்டேன்.

"பின்ன, பொய்யா சொல்ல முடியும், அக்கா?"

அவள் இடத்தில் நான் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. இப்போது அதற்கும் சேர்த்துப் பொறாமையாக இருக்கிறது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாமே. அருவிப் படம் அனுப்ப வேண்டாம். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். கம்பெனி வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
அனுசியா

சுஜிதாவுக்கும் ஒரு பாட்டில் வையுங்கள். கொஞ்சம் சின்னதாக.