இரண்டாம் பக்கம்

அன்புக்குரிய மஹ்லகா,

இறையமைதி உன்மேல் நிலவுக. மூட்டுவலி தணிந்ததா? அஹ்வாஸின் வெயிலிலும் நான் நலமே. நான் நடத்தும் குர்ஆன் வகுப்பு பெருநாள்வரை நீளும். வருபவர் எவரிடமாவது உலர்ந்த புதினாவும் என் பழைய மூக்குக்கண்ணாடியும் கொடுத்தனுப்பு.

வெள்ளியன்று வகுப்பார் என்னைக் கொர்ரம்ஷஹருக்கு அழைத்துச் சென்று ஈராக்குடனான போரின் இரண்டு அருங்காட்சியகங்களைக் காட்டினர். முதலாவதில் டாங்கிகள். இரண்டாவதில், சாவை எதிர்நோக்கிப் போர்முனையிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு எழுதிய உயில் கடிதங்கள். நம் மகன் மீஸமின் உயிலும் அங்கே இருந்தது. வழிகாட்டி அதைப் பள்ளி மாணவியருக்கு உரக்க வாசித்தார்.

"ஐயா, அம்மாவுக்கு ஒண்ணு சொல்லணும்னு பாதியில நிக்குதே? என்ன சொன்னாராம்?" என்றாள் ஒருத்தி.

"தியாகிங்க அளந்துதான் பேசுவாங்கம்மா. உன்னை மாதிரி வாயாடி இல்ல." எல்லோரும் சிரித்தனர். அவர் என்னை யாரென்று அறியாமலே, "என்ன ஹாஜி, சரிதானே?" என்றார். நான் தலையசைத்தேன்.

மஹ்லகா, அதற்கு இரண்டாம் பக்கம் உண்டு. அவன் உடலோடு உயில் வந்த அன்றே, ஊரார் முன் அவன் வீரம் குறையுமென்று அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்து ஒளித்தேன். ஈரடிக் கவிதையில் ஓரடியை விழுங்கும் மாணவனைக் கண்டிப்பவன் நான்.

"பயமா இருக்கும்மா. வீட்டுக்கு வந்துடறேன். அப்பா திட்டாம நீதான் பாத்துக்கணும்" என்று உனக்கு எழுதியிருந்தான்.

என் மேசையின் கீழறையில் இருக்கிறது. எடுத்துக்கொள், அது உன்னுடையது. தொழுகைக்கு அழைக்கிறார்கள், முடிக்கிறேன். நான் திரும்பும்போது கதவைத் திறப்பது உன் விருப்பம்.

கரீம்