முழுக் கவர் போட்ட சின்ன வண்டி

அப்பா,

இன்று காலை மழை விட்ட நேரத்தில் என் பைக்கின் செயின் கவரில் இருக்கிற ரப்பர் மூடியைக் கழற்றினேன். செயின் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வைத்த சின்ன ஓட்டை அது. விரலை விட்டால் செயின் தட்டுப்படும். விரலில் கிரீஸ் ஒட்டியது. சேறு ஒரு துளியும் இல்லை. மூக்கருகே கொண்டுபோனபோது உங்கள் ஞாயிற்றுக்கிழமை மணம் வந்தது. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு உங்கள் பெரிய வண்டியின் பக்கத்தில் குந்துவீர்களே, அந்த மணம்.

மூடியை அழுத்தி வைத்தேன். காலி டிரேக்களைக் கட்டிக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பிவிட்டேன். அரை நிமிட வேலை. உங்களுக்கு அது அரை நாள் வேலை.

ஆமாம் அப்பா, உங்கள் வண்டியை விற்றுவிட்டேன். கல்லறைக்கு வந்தால் சித்தப்பா என்னைப் பற்றி உங்களிடம் புகார் சொல்வார். அவர் வாயால் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மலையில் எல்லாரும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். உங்கள் வண்டிக்கு இருந்தது பாதிக் கவர், கீழே திறந்திருக்கும். மழைக்காலத்தில் செம்மண்ணும் சில்வர் ஓக் இலையும் உள்ளே போய் அடைத்துக்கொண்டு கரகரவென்று சத்தம் போடும். உடனே இங்கே கவரைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். நீங்களும் கழற்றினீர்கள், எறியவில்லை. குளிக்கிற இடத்துச் சுவரில் ஆணியடித்து அதைச் சோப்புத் தட்டாக்கினீர்கள். அம்மா சிரித்ததற்கு, "செயினுக்குக் காத்துப் படோணும், மனுசனாட்டம்" என்றீர்கள். காற்று பட்டதோ இல்லையோ, சேறு பட்டது. நீங்கள் சுரண்டச் சுரண்ட அடுத்த மழைக்கு மறுபடி பட்டது.

உங்களுக்கான முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம் ரொட்டி லைனை நான் எடுத்தேன். டவுன் பேக்கரியில் பன்னும் ரொட்டியும் ஏற்றி, வெள்ளக்கடை முதல் மஞ்சக்குட்டை வரை நீங்கள் போட்ட அதே டீக்கடைகளுக்குப் போடுவேன். லைசென்ஸ் கையில் இருந்தது. தைரியம் இல்லை. கடைக்காரர்களிடம் எத்தனை பன் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வராது, விரலைக் காட்டுவேன். ஆனாலும் எடுத்தேன், அது நம் ஊட்டுச் சோறு.

உங்கள் வண்டியில் உட்கார்ந்தால் எனக்கு இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையில் எட்டாது. மேட்டில் நின்றால் ஒரு பக்கம் சாயும். முதல் மாதத்தில் இரண்டு தடவை செயின் விழுந்தது. இரண்டாம் தடவை ஒரு கடைக்குப் பன் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பேக்கரிக்காரர் கோபப்படவில்லை. "பன்னு காலைல போனாத்தான் பன்னு சாமி. மத்தியானம் போனா அது ரஸ்க்கு" என்றார். "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா ஆட்டோக்காரனுக்குக் குடுத்துருவேன். கோவிச்சுக்காத."

அன்று செம்மண் கையோடு ஊட்டுக்கு வரும்போதே முடிவு செய்துவிட்டேன். சின்ன வண்டி. செயினை முழுக்க மூடிய கவர். வேறு எதுவும் வேண்டாம்.

செயின் விழுந்த அந்த இன்னொரு நாளைப் பற்றியும் எழுதியாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது, அதனால்தான் எழுத வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை, முதல் நாள். டவுனுக்குப் போகும் மேட்டில், வளைவில், செயின் விழுந்து சக்கரத்துக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. முந்தின நாளே தளர்ந்துதான் இருந்தது. "இன்னும் ஒரு மாசம் ஓடும்" என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அது உங்கள் தப்பு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஐந்து நிமிடத்தில் ஜீப் ஒன்று வந்தது. உள்ளே எஸ்டேட் வேலைக்குப் போகும் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்காக நகர்ந்து இடம்கூட விட்டார்கள்.

"ஏறு கண்ணு. நா பின்னாலயே வந்தர்றேன்" என்றீர்கள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கால் நகரவில்லை. டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பாப்பா வருதா இல்லீங்களா?" என்றார். நான் தலையை ஆட்டினேன், இல்லையென்று. ஜீப் போய்விட்டது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கல்லை எடுத்துச் செயினைத் தட்ட ஆரம்பித்தீர்கள். நாம் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூட கேட் சாத்தியிருந்தது. மறுபரீட்சைக்கும் நான் போகவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று போகவில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் நீங்கள் ஒன்றைத்தான் சொன்னீர்கள்: "எங்க வண்டி காலை வாரி உட்ருச்சுங்க." ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவிடமும் இல்லை.

சின்ன வண்டி என்று நான் சொன்ன மறுநாளே சித்தப்பா வந்துவிட்டார். காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே பேசினார். "அண்ணன் வண்டி கெடா மாதிரி நிக்குது. அதக் குடுத்துப்போட்டுக் கொசு வண்டி வாங்கறயா? ரெண்டு டிரே வெச்சா மஞ்சக்குட்டை மேட்டுல முன்னால தூக்கிக்கும். செத்த மனுசனுக்குச் செய்யற மரியாதையா இது?"

நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். சின்ன வண்டி கீழே சேலத்துக்காரனுக்கு, மேட்டுக்கு ஆகாது என்பீர்கள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாதான் எனக்காகப் பேசினாள். "விக்கட்டும் உடுங்க. அந்த வண்டியாலதான் எம் புள்ள படிப்பு போச்சு. நடுரோட்டுல நிறுத்திப்போட்டு வந்த மனுசன வைது வைது எம் வாயே ஓஞ்சுபோச்சு. அது இந்த வாசல்ல நிக்க வேண்டாம்."

சித்தப்பா வாயை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், நான் ஜெயித்துவிட்டேன். பேசாமல் நின்றால் போதும். பேசாமல் நிற்பது எனக்குப் புதிதா? ஆனால் நீங்கள் இல்லாத ஊட்டில் உங்கள் மேல் விழுகிற அந்தப் பழியை வைத்து வாங்குகிற வண்டி எனக்கு வேண்டாம்.

"ஜீப்பு வந்துச்சும்மா" என்றேன். "அப்பா ஏறச் சொன்னாங்க. நாந்தான் ஏறல. வெக்கமா இருந்துச்சு."

அம்மா என்னையே பார்த்தாள். சித்தப்பா டம்ளரை டங்கென்று வைத்தார். "கேட்டுக்குங்க அண்ணி. அப்ப வண்டி மேல ஒரு தப்பும் இல்ல."

"வண்டி மேலயும் தப்புங்க, எம் மேலயும் தப்புங்க. அது வேற, இது வேறங்க சித்தப்பா" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "எனக்குக் கால் எட்டலீங்க. ஞாயித்துக்கெழமையெல்லாம் குந்திச் சேறு சொரண்ட எனக்கு இஷ்டமில்லீங்க. லைன் போச்சுன்னா நீங்க வந்து பன்னுப் போட மாட்டீங்க. ஓட்டறது நானுங்க."

அவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. டம்ளரில் இருந்த காப்பியைக் குடிக்காமலே போனார்.

சேலம் ஷோரூமுக்கு அம்மாவும் நானும் குப்பனூர் வழியாகப் பஸ்ஸில் மலை இறங்கிப் போனோம். விற்கிற பையன் முதலில் பெரிய வண்டியைக் காட்டினான், பிறகு ஸ்கூட்டரைக் காட்டினான். "லேடீஸுக்கு இதுதாங்க, செயினே கிடையாது" என்றான். உண்மைதான். ஆனால் அந்தச் சின்னச் சக்கரம் எஸ்டேட் குழியில் விழுந்தால் எழாது. நான் ஓரத்தில் நின்ற நூறு சிசி வண்டியின் பக்கத்தில் குந்தி, கவரைச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். எங்கும் இடைவெளி இல்லை. அதைக் கையால் காட்டவில்லை அப்பா, வாயைத் திறந்து கேட்டேன்: "இதுதாங்க வேணும்."

ஊரில் மெக்கானிக் முதல் நாளே ஸ்பேனரோடு வந்தார். "கவரக் கழட்டிரலாம் பாப்பா, மழைக்குச் சத்தம் போடும்." வேண்டாம் என்றேன். மழை வந்தது. சத்தம் போடவில்லை. மஞ்சக்குட்டை மேட்டில் முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறுகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். ஏறுகிறது.

சித்தப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை. அம்மாவும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அப்ப உங்கப்பன மூணு வருசம் நா சும்மாவேதான் வைதனா?" என்றாள்.

"ஆமாம்மா."

"ஒரு நாளாச்சும் திருப்பிச் சொல்லியிருக்கலாமல்ல அந்த மனுசன்."

கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்று சொல்லவில்லை.

உங்கள் வண்டி இப்போது யாரிடம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறு. எனக்கு வர வேண்டிய திட்டை மூன்று வருடம் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இனி அதை உங்கள் மேலோ ஒரு வண்டியின் மேலோ இறக்கிவைக்க மாட்டேன். டீக்கடை அக்கா நேற்று, "ஏஞ் சாமி, படிப்ப உட்டுப்போட்ட?" என்று கேட்டார். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

"பரீச்சைக்கு ஜீப்பு வந்துச்சுங்க. நா ஏறலீங்க" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். நான் நின்று, எத்தனை பன் வேண்டும் என்று கேட்டேன்.