சின்னத் துவாரத்தில் விழுந்த படம்

திருவரங்குளம்,
2-11-1955

சிரஞ்சீவி சேவுகனுக்கு அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சுகம். ஈப்போவில் நீயும் சுகமென்று நம்புகிறேன். இங்கே ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடைக்கலம் ஊருக்கு வந்த மறுநாளே நீ கொடுத்தனுப்பிய காமிராவைக் கொண்டுவந்து தந்தான். தை மாதம் திரும்பக் கப்பலேறும்போது உன் பிள்ளைகள் நல்லதம்பியையும் பிச்சையையும் தன்னோடு அழைத்துப் போகப் போவதாகச் சொன்னான். உன் கடிதத்திலும் அப்படியே இருந்தது. அங்கே நீ மணந்துகொண்டவளுக்குப் பிள்ளை இல்லை, இவர்கள் வந்து சேருமுன் முகத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ள ஆசைப்படுகிறாள், ஆகையால் படம் எடுத்து அனுப்புங்கள், அதில் பிள்ளைகள் மட்டும் விழ வேண்டும் என்று எழுதியிருந்தாய். சொன்னபடி செய்யவே முயன்றேன்.

காமிராவோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை வரிக்கு வரி படித்தேன். சமஸ்தானக் கச்சேரியில் தஸ்தாவேஜுகளோடு காலம் கழித்தவனுக்கு இது புரியாமலா போகும் என்று நினைத்தது பிசகு. லென்சுக்குள் ஒரு துவாரம் இருக்கிறது. அதைத் திறக்கவும் சுருக்கவும் எண்கள் போட்ட ஒரு வளையம். மழைக்காலத்து மங்கலுக்குப் பெரிய துவாரம் வேண்டுமே என்று பெரிய எண்ணாகப் பார்த்து, பதினாறில் வைத்து எடுத்தேன். எண் பெரிதானால் துவாரம் சிறிதாகும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. முதல் சுருள் முழுவதும் வீண். படம் என்று வந்ததில் கரியைத் தவிர ஒன்றுமில்லை.

இரண்டாவது சுருளில் துவாரத்தை முழுக்கத் திறந்தேன். அதில் தேறியதுதான் இத்துடன் வருவது. நல்லதம்பி தெளிவாக இருக்கிறான், தலையில் சீப்பு போன தடம்கூடத் தெரிகிறது. அவனுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் பிச்சை கலங்கிவிட்டாள். துவாரம் அகலமானால் நாம் குறிவைத்த தூரம் மட்டும் தெளியும், அதற்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். நிலைப்படியில் புகைபோலத் தெரிவது பிள்ளைகளின் ஆத்தா சொர்ணவல்லி. முகம் தெரியாததால் உன் பேச்சுக்குப் பழுதில்லை என்று அனுப்புகிறேன். பிச்சை நீ போன பிறகு பிறந்த பிள்ளை, அவள் முகமல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

இருவரையும் ஒரே தூரத்தில் நிறுத்திப் பார்க்காமல் இல்லை. முற்றத்தில் கோடு கிழித்து நிறுத்திவிட்டு நான் காமிராவுக்குத் திரும்புவதற்குள், பிச்சை பின்புறமாகவே நடந்து தன் ஆத்தா பக்கம் போய்விடுகிறாள்.

சொர்ணவல்லியிடம் விஷயத்தைச் சொன்னது நானல்ல, அடைக்கலம். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாளாம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். என் முன்னால் வந்து நிற்க மாட்டாள், நேரே பேசவும் மாட்டாள், நானும் பேசுவதில்லை. எல்லாம் நல்லதம்பி வழியாகத்தான். படம் எடுத்த அன்று கதவுக்குப் பின்னாலிருந்து அவனிடம், "டேய், நல்லா விழுகணும்னு ஐயாகிட்டச் சொல்லு. அங்கிட்டு உள்ளவங்க பாக்கணும்ல" என்றாள். அவன் என்னிடம் வந்து, "ஐயா, நல்லா விழுகணுமாம். விழுகாட்டி எங்களச் சேத்துக்க மாட்டாங்களாம்" என்றான். பின்பாதி அவன் சொந்தச் சரக்கு.

பிள்ளைகள் வரத்தான் வேண்டுமா என்று கேட்க நினைத்து, அதற்குள் தாளின் அடிக்கு வந்துவிட்டேன்.

உன் நலம் கோரும் அப்பா,
உடையப்பன்


திருவரங்குளம்,
8-12-1955

சிரஞ்சீவி சேவுகனுக்கு அப்பாவின் ஆசி.

உன் பதில் கிடைத்தது. பெண்ணின் முகம் தெரியவில்லை, வாசலில் யாரோ நிற்பது தெரிகிறது, வீட்டில் அதைப் பற்றிக் கேள்வி வந்தது, திருத்தமாக இன்னொன்று எடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். கோபத்தில் எழுதியதாகத் தெரியவில்லை. கோபமாக எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

நடுவில் என் மூக்குக்கண்ணாடி உடைந்துபோயிற்று. டவுனில் மாற்றிக்கொண்டு வரும் வரை ஒன்றும் படிக்க முடியவில்லை. ஒருநாள் விரல்களை இறுக மடக்கி, நடுவில் விழுந்த சின்ன ஓட்டை வழியாகப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். எழுத்து தெளிந்தது. நிமிர்ந்து பார்த்தால் கோயில் கோபுரமும் தெளிந்தது. புத்தகத்தில் இருந்தது அப்போதுதான் மண்டையில் ஏறியது. துவாரம் சிறுத்தால் வெளிச்சம் குறையும், ஆனால் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஒருசேரத் தெரிவார்கள். குறைந்த வெளிச்சத்தை அதிக நேரம் உள்ளே விட்டு ஈடுகட்ட வேண்டும். அவ்வளவு நேரமும் யாரும் அசையக் கூடாது.

வெயில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. மழை விடவில்லை, நீயோ தைக்கு முன் வேண்டும் என்கிறாய். நல்லதம்பியைச் சிரிக்காமல் நிறுத்த என்னால் ஆகவில்லை. பிச்சை நிற்கவே இல்லை. அவர்கள் இருவரும் அசையாமல் நிற்பது ஆத்தாவின் கை தோள்மேல் இருக்கும்போது மட்டும்தான். அதை நல்லதம்பி மூலம் சொர்ணவல்லிக்குச் சொல்லியனுப்பினேன்.

முக்காலியில் காமிராவை வைத்துக் குனிந்தேன். இது மேலேயிருந்து கண்ணாடிக்குள் பார்க்கிற வகை. நான் தரையைப் பார்க்கிறேன் என்று எண்ணிக்கொண்டாளோ என்னவோ, நிலைப்படியை விட்டு வெளியே வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்தது அந்தக் கண்ணாடிக்குள்தான், அதுவும் இடம் வலமாக மாறி. மிகவும் இளைத்துவிட்டாள். பிச்சையின் வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லதம்பி வாய் திறந்தால் படம் கெட்டுவிடும். அவன் வழியாகச் சொல்ல வழியில்லை. ஆகவே நானே, "புள்ளைகளப் புடிச்சுக்க தாயி, அசையாத" என்றேன். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கைகள் இரண்டு தோள்களிலும் இறங்கின. அப்படியே காமிராவைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். அப்போது விசையை அழுத்தினேன்.

படம் இத்துடன் வருகிறது. மூவரும் தெளிவாக விழுந்திருக்கிறார்கள். பிச்சையின் கன்னத்து மைப்பொட்டு எவ்வளவு தெளிவோ, பின்னால் நிற்பவளின் கண்களும் அவ்வளவு தெளிவு. அவளை விட்டுவிட்டு எடுக்க எனக்குத் தெரியவில்லை. என் திறமைக் குறைவென்றே வைத்துக்கொள்.

கத்தரி வைப்பாய் என்று தெரியும். பார்த்து வெட்டு. முகத்தை எடுத்துவிடலாம். கைகளை எடுக்கப் போனால் பிள்ளைகளின் தோளும் சேர்ந்து போய்விடும்.

சின்னவளையாவது விட்டுவை என்று கேட்க வாய்வரை வருகிறது. கேட்டால் நீ மறுக்க மாட்டாய், பதில் எழுதாமல் இருப்பாய். அதற்குள் தை பிறந்துவிடும். அடைக்கலம் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டான். நாகப்பட்டினம் வரை நானும் கூடப் போவதாக இருக்கிறேன். தடுக்கிற ஆள் நானில்லை என்று உனக்குத் தெரியும்.

படம் எடுத்த அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு நேரே பேசவில்லை, நானும் பேசவில்லை. பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டோம். நல்லதம்பி போன பிறகு, சோறு ஆகிவிட்டது என்று அவள் யாரிடம் சொல்லி அனுப்புவாள்? போதும் என்று நான் யாரிடம் சொல்வேன்? பிறந்த வீட்டுக்குப் போய் இரு என்று அவளிடம் சொல்வதற்கும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. பிச்சை தன் ஆத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் உறங்குவாள். சொர்ணவல்லி தன் பழஞ்சேலை ஒன்றைத் துவைத்து, அவள் துணிகளுக்கடியில் மடித்து வைத்திருக்கிறாள். கந்தல் என்று அங்கே யாரும் எடுத்துப் போட்டுவிடாமல் நீ பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் வீட்டில் இருப்பவளும் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா