சங்கு கேட்கும்படி பாடும் பெட்டி

அன்பு மகள் பெனினாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோர் உடம்புக்கும் குறையில்லை, என் மனசுதான் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிரிஸ்பேன் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு படுக்கிறீர்களா. எந்த ஸ்பீக்கர் வாங்கி அனுப்பட்டும், அலமாரியில் வைக்கிற பெரியதா, கம்ப்யூட்டர் பக்கத்தில் வைக்கிற சாதாரணச் சின்னதா என்று நீ போனில் கேட்டபோது, அடுப்பில் சேப்பங்கிழங்கு தீய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. சுவரில்லாத நம் ஊர் வீட்டில் போன் பேசினால் பக்கத்து வீட்டு செஃபினா தன் பாயில் படுத்தபடியே எனக்குப் பதில் சொல்வாள். அதனால்தான் எழுதி, அங்கே வருகிற உன் சித்தப்பா மகன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

புது சர்ச் திறப்புக்குப் பாட்டு கட்டுவது உன் மகள் லூப்பேதான், தெரியுமல்லவா. நரைத்த ஆண்கள் எல்லாம் இவள் கை அசைந்தால்தான் வாயைத் திறக்கிறார்கள், நான் முன் வரிசையில் உட்கார்ந்து ஊரையே ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாகப் பிடித்துக் கம்ப்யூட்டரில் சேர்த்துக் கேட்டுத் திருத்துகிறாள். பழைய சின்ன ஸ்பீக்கரில் பெண்கள் குரல் வருகிறது, ஆண்களின் அடிக்குரல் வருவதே இல்லை. "பாட்டி, உங்க தம்பி பாடுறது இதுல கொசு முனகுற மாதிரி இருக்கு" என்பாள், அதைப் பிடிக்கவென்று சத்தத்தை முழுக்கத் திருகி வைப்பாள். போன மாதம் ஒரு சாயங்காலம் அப்படித் திருகி வைத்திருந்தபோது ஊர் முழுக்க அடங்கி உட்காருகிற சாயங்கால ஜெபத்துக்குச் சங்கு ஊதியிருக்கிறார்கள், எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. ஊரே கண்ணை மூடி உட்கார்ந்திருக்க நம் வீட்டில் மட்டும் பாட்டு முழங்கியிருக்கிறது. வெளியே திரும்பிப் பார்த்தால் ஜெப நேரத்தில் தெருவுக்குக் காவல் நிற்கிற இளைஞர்கள் நம் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். சுவிட்ச் எது என்று தெரியாமல் வயரோடு பிடுங்கி எறிந்தேன்.

ஊர்ப் பெரியவர்கள் சபையில் நம் குடும்பத்துக்காக என் தம்பி, உன் மாமா சியாவோசி போய் உட்கார்ந்தான். சர்ச் பாட்டுதானே என்று சொல்லிப் பார்த்தானாம். அதற்குப் பெரியவர் ஃபைமாலோ, "எந்தப் பாட்டா இருந்தா என்ன, சங்கு ஊதினா மூச்சைக்கூட மெதுவாத்தான் விடணும். இந்தத் தடவை ஒரு பன்னி அபராதத்தோட போகட்டும். இன்னொரு தடவை நடந்தா குடும்பத்தோட ஊரை விட்டுக் கிளம்பட்டும்" என்றாராம். பன்றி போனது போகட்டும். ஓடைக்கு அந்தப்புறம் இருந்த ஃபிலிப்போ குடும்பத்தை ஊரை விட்டு அனுப்பினார்களே, அவர்கள் வீட்டுக் கல்மேடையில் இப்போது பப்பாளி முளைத்து நிற்கிறது. நம்மைக் கிளம்பச் சொன்னால் பாய், பெட்டி, பானை எல்லாம் தூக்கிக்கொண்டு போய்விடலாம், வாசலில் படுத்திருக்கிற உன் அப்பாவை எப்படித் தூக்கிக்கொண்டு போவேன்? காலையில் எழுந்து அவர் கல்லறை மேல் விழுந்த இலையைப் பெருக்கும்போதே அதுதான் நினைவு. வெயில் சாய ஆரம்பித்தால் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறேன். வெறும் பஸ் ஹாரனுக்கே சங்கு என்று நினைத்து ஓடிப்போய் முட்டிபோட்டேன், செஃபினா விடுவாளா, "என்னக்கா, இப்பல்லாம் பஸ்ஸுக்கும் ஜெபம் பண்றீங்களா" என்று தெரு சிரிக்கக் கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டே முட்டியைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

அதனால் இருப்பதிலேயே சின்னதை அனுப்பு, பெரியது வந்தால் ஊரை விட்டே போக வேண்டியதுதான் என்றுதான் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். லூப்பேயிடம் சின்னதே போதும் என்று மட்டும் சொன்னேன். அவள் சண்டை போடாமல் என்னைப் பஸ் ஏற்றி அடுத்த ஊர் டீச்சர் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே அலமாரியில் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர், ஒரு முழு பிரெட் அளவுதான் இருக்கும். நம் பாட்டை மெதுவாக, நாம் பேசுகிற சத்தத்துக்கும் கீழே வைத்தாள். சியாவோசியின் அடிக்குரல் நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றது பெனினா. அதே நேரம் வீட்டுக்குப் பின்னால் டீச்சர் தேங்காய் துருவுகிற சத்தமும் கேட்டது, யாரோ கோழியை விரட்டுவதும் கேட்டது. நான் ஐந்தாவதோடு நின்றவள், ஆனாலும் எனக்கு ஒன்று புரிந்தது. சின்னப் பெட்டியில் கேட்காததைக் கேட்கத்தான் பிள்ளை சத்தத்தைக் கூட்டுகிறாள், அந்தச் சத்தம்தான் சங்கை மறைத்தது. மெதுவாக வைத்தாலே எல்லாம் கேட்கிற பெட்டி இருந்தால் சங்கும் கேட்கும்.

ஆகவே அலமாரி ஸ்பீக்கரையே அனுப்பு. சிலதுக்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டுமாம், இல்லாவிட்டால் வாயே திறக்காதாம். உள்ளேயே அது இருக்கிற ஜோடியாகப் பார், முன்பக்கமே அணைக்கிற பட்டன் இருக்க வேண்டும், நான் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். துணிகளுக்கு நடுவில் வைத்து அடைத்து அனுப்பு. அது வந்தாலும் என் பயம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன், சாயங்காலம் ஆனால் பிளக் பக்கத்தில்தான் உட்காருவேன்.

நீ வேலைக்குப் போகிற அவசரத்தில் சாப்பிடாமல் ஓடாதே. ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் கண்ணின் மணிபோலக் காக்கட்டும், உங்கள் கதவுக்குள் சமாதானம் இருக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. பெரியவர் கடைசியாகச் சொன்னதை லூப்பேயிடம் நான் சொல்லவில்லை, பன்றியோடு தீர்ந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தெரிந்தால் பாட்டையே மூடி வைத்துவிடுவாள். நீயும் வாய் தவறிச் சொல்லிவிடாதே. பயப்பட இந்த வீட்டில் நான் ஒருத்தி போதும்.

உன் அம்மா,
அனாசெயினி