தம்பியின் பெயரில் ஓர் அர்ச்சனை

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
14.06.1977

அன்பு மகள் புஸ்பராணிக்கு,

அம்மாளின் கிருபையால் நானும் அம்மாவும் தம்பியும் நல்ல சுகம், நீயும் கை கால் முறியாமல் சுகமாய் இருக்க வேண்டும். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. குதிரைப் பந்தயத்தில் ஆண் ஜொக்கிகளோடு ஓடி மூன்றாவதாக வந்தாய் என்று வாசித்ததும் அம்மா குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்து, திரும்பவும் வாசிக்கச் சொன்னார். இனி லாயம் கூட்டுகிற வேலை மட்டுமில்லை, பந்தயங்களுக்கும் உன்னை ஏற்றுவார்கள் என்பது பெரிய காரியம். ஆனால் குதிரை கால் இடறியபோது “அப்பா என் பெயரில் செய்வித்த அர்ச்சனைதான் என்னை விழாமல் பிடித்தது” என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அதை வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளை, அந்த அர்ச்சனை உன் பெயரில் நடக்கவில்லை. நீ கேட்டபடி பந்தய நாள் காலமை தட்டும் கையுமாய் அம்மாள் கோயிலுக்குப் போனேன். அடுத்த வீட்டுப் பாக்கியரத்தினம் பக்கத்தில் வந்து நின்று என்ன விசேஷம் என்று கேட்டார். நீ சீமைக்குப் போய்ப் படித்த தாதிப் படிப்பை விட்டதை ஊரில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. பொம்பிளைப் பிள்ளை காற்சட்டை போட்டுக் குதிரை ஓடுகிறாள் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை, மகனுக்குப் பரீட்சை என்றேன். அந்த நேரம் பார்த்து ஐயரும் பெயர் நட்சத்திரம் கேட்க, இரத்தினசிங்கம், அனுஷம் என்று சொல்லிவிட்டேன். அவனோ வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். குதிரைச் சொந்தக்காரர் ஒரு பெண்ணின் பெயரைப் பந்தயத்துக்குக் கொடுக்க வெட்கப்படுகிறார் என்று நீ முன்பு எழுதியபோது அந்த வெள்ளைக்காரரை எவ்வளவு ஏசினேன். அவர் கடைசியில் கொடுத்துவிட்டார். பெற்ற நான் கொடுக்கவில்லை. உனக்கு எழுதவே வெட்கமாய் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னபோது, “அம்மாளுக்கு முன்னால சொல்ல ஏலாதெண்டா வேற எங்க சொல்லப் போறியள்” என்று கேட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை பாக்கியரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு போகிறேன். புஸ்பராணி, சுவாதி. அர்ச்சனைக்குத் தொழில் கேட்கமாட்டார்கள், நானாகச் சொல்வேன். தலைக்கவசத்தின் வாரை இறுக்கிப் பூட்டாமல் ஏறாதே. எந்தக் குதிரையில் இருந்தாலும் அம்மாள் உன்னை விழாமல் பார்த்துக்கொள்வாள், அப்பாவை நம்பியிராதே.

இப்படிக்கு,
ஜொக்கி புஸ்பராணியின் அப்பா,
சோமசேகரம்