அல்லேலூயா சொல்ல அவசரப்பட்டோம், அண்ணே

அண்ணே,

இன்று காலை வேலைக்குப் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கை மலாய்க்கார அம்மா யூக்கலிப்டஸ் தைலத்தைத் திறந்தார். அவ்வளவுதான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கைப் பிடிப்பதற்கு முன் அதைத்தானே தொண்டையில் தேய்த்துக்கொள்வீர்கள்? அந்த வாசனை முதல் வரிசைக்கு வந்தால் பாட்டு வரப்போகிறது என்று அர்த்தம். உடனே படம்பிடிக்க நான் போனைத் தூக்கிவிடுவேன்.

"சர்ச்சுக்குள்ள என்னலா ஃபேன் கிளப்பு?" என்று சிரிப்பீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன். பாக்கார் ஆராங்கில் கடைவீட்டு மாடியில் இருக்கும் நம் சின்ன சபையில் பாடிய நீங்கள்தான் எனக்குத் தெரிந்த உலகத்திலேயே பெரிய பாடகர்! வீடியோவில் உங்கள் விரல்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் கித்தார் கற்றுக்கொண்டேன். உங்கள் பாட்டுகளுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினேன். யாராவது குறை சொன்னால் கமெண்டில் சண்டைக்கே போவேன்.

அப்புறம் ஒரு ஞாயிறு நீங்கள் வரவில்லை. ஜித்ராவில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறீர்கள் என்ற செய்திதான் வந்தது. அங்கே வேலை மாற்றலாகிவிட்டது என்று உங்கள் மனைவியிடம், எங்கள் எல்லாருக்கும் அக்காவான அவரிடம், சொல்லியிருந்தீர்கள். எங்களுக்கு எதுவும் தெரியாத அந்த மாதங்களிலும் ஞாயிறு தவறாமல் வந்து பாடினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பரிசுத்தத்தைப் பற்றி நீங்கள் அழுதுகொண்டே பாடியதைப் போனில் பிடித்தவள் நான். அந்தக் கண்ணீர் நிஜமா, நடிப்பா? எத்தனையோ தடவை அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த வருடம் எல்லாவற்றையும் விட்டுத் திரும்பினீர்கள். அக்கா வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. சிடாம் கிரியில் ஓர் அறை எடுத்துத் தங்கினீர்கள். சபைக்கு வந்த முதல் நாளே மாடிப்படியில் ஓர் ஆன்ட்டி, "என்ன பாடகரே, ஜித்ரா கச்சேரி முடிஞ்சிருச்சா?" என்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "முடிஞ்சிருச்சு ஆன்ட்டி" என்றீர்கள்.

நம் சபையில் சாட்சி நேரம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியாததா? எழுந்து நிற்பவர் பட்ட கஷ்டத்தைச் சொல்வார். கர்த்தர் விடுவித்ததைச் சொல்வார். அந்தக் கடைசி வரி வருவதற்குள் எல்லாரும் கைதட்டத் தயாராகிவிடுவோம். அன்றைக்கு நீங்கள் எழுந்தீர்கள்.

"நான் என் மனைவிக்குத் துரோகம் பண்ணேன். கால் தடுக்கி விழலீங்க, நல்லாத் தெரிஞ்சேதான் நடந்து போனேன். போயிட்டு வந்து இதே மேடையில நின்னு பாடுனேன். இப்ப எல்லாத்தையும் விட்டுட்டு, ஆண்டவர்கிட்ட இரக்கம் கேட்டு வந்திருக்கேன். ஆனா..."

அந்த "ஆனா" யார் காதிலும் விழவில்லை. "அல்லேலூயா!" என்று யாரோ கத்தினார்கள். மொத்த சபையும் கைதட்டியது. கீபோர்டு மெதுவாக அழ ஆரம்பித்தது. பாஸ்டர் பூரித்துப்போய், "சிஸ்டர், முன்னுக்கு வாங்க. கர்த்தரே மன்னிச்சிட்டாரு, நீங்களும் வந்து இவரு கையப் பிடிங்க" என்று அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா அசையவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு தரையையே பார்த்தார். நான் லைவ் போட்டுக்கொண்டிருந்தேன். போன் தானாக அவர் பக்கம் திரும்பிவிட்டது.

"பாஸ்டர், அவளக் கூப்பிடாதீங்க" என்றீர்கள். "ஆண்டவரு எனக்கு இரக்கம் காட்டுறாருங்கிறதுக்காக, அவ கைய முறுக்கி நான் மன்னிப்பு வாங்கக் கூடாது." பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, போன கீழ வை. அவ மொகத்த யாருக்கும் காட்டாத."

கைதட்டல் அப்படியே அடங்கியது. நீங்கள் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். லைவுக்குக் கீழே "ஆமென், ஆமென்" என்று வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒருவர், "அந்தம்மாவுக்கு என்ன கல்லு மனசு" என்று எழுதியிருந்தார். உடனே அணைத்தேன்.

அதற்குப் பிறகு, அக்கா காலை ஆராதனைக்கு வருகிறார் என்பதால் நீங்கள் மாலைக்கு மாறிக்கொண்டீர்கள். மேடைப் பக்கம் போகவே இல்லை. ஒரு மாலை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த உங்களிடம் கோபமாகவே கேட்டேன்: "ஆண்டவரு மன்னிச்சிட்டாருன்னு ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"முந்தியெல்லாம் ஜெபம் பண்ணா பேச்சு அருவி மாதிரிக் கொட்டும்லா. இப்ப ஒரு வார்த்த வரமாட்டேங்குது. சரி, எந்திரிச்சுப் போயிடலாம்னு பாப்பேன். 'உக்காரு'ன்னு யாரோ சொல்ற மாதிரி இருக்கும். உக்காந்துருவேன். அவ்வளவுதான் தெரியும் தங்கச்சி."

எனக்கு அது போதவில்லை. இடியும் மின்னலுமாக ஒரு பதில் வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கொஞ்ச நாளில் வேலையிடத்திலேயே உங்கள் இதயம் நின்றுபோனது. மதியச் சாப்பாட்டு நேரம் என்றார்கள். அடக்கத்துக்கு அக்கா வந்தார். பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "இப்பயாச்சும் மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா" என்று கெஞ்சினார்கள். அவர் அவர்களை விலக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பாஸ்டர் உங்களை மன்னிப்புப் பெற்ற மகன் என்று பிரசங்கித்தபோதும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "மன்னிச்சிட்டியா, மன்னிச்சிட்டியான்னு ஊரே கேட்டுச்சு. அவரு ஒருத்தருதான் கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களாக்கா?"

"தெரியலலா. கேக்காம இருந்ததுனாலதான் அதப் பத்தி நெனச்சுப் பாக்கவே ஆரம்பிச்சேன். அதுக்குள்ள போயிட்டாரு."

அண்ணே, ஆண்டவருடைய இரக்கம் உங்களைச் சேர்ந்துவிட்டது என்றுதான் நம்புகிறேன். அப்படி நம்பினாலும், அக்காவின் அந்தப் பாதி வார்த்தையை நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. உங்கள் இருவருக்கும் இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெபத்தில் கேட்கிறேன். பதில் இல்லை. எழுந்து போகவும் முடியவில்லை.

போன ஞாயிறு சபையில் ஒருவர் எழுந்து, குடியை விட்டுவிட்டேன், கர்த்தர் என்னை மீட்டார் என்று சாட்சி சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் அந்த மனிதருக்காகச் சந்தோஷப்பட்டேன், நிஜமாகவே. ஆனால் என் கண் மேடையில் நிற்கவில்லை. அவருடைய மனைவி எங்கே என்று தேடியது. ஜன்னல் ஓரத்தில் தனியாக இருந்தார். கை தட்டவில்லை. நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.